நிறைவற்ற தகவலும் சந்தையும்: ஜோசப் ஸ்டிக்லிட்ஸின் பங்களிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் என்ற பெயரைப் பலரும் உலகமயமாக்கல் குறித்த வாதங்களின் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். ஆனால் அவருக்கு 2001ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது அந்த வாதங்களுக்காக அல்ல. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில், பெரும்பாலும் மற்றவர்களோடு சேர்ந்து, அவர் எழுதிய கோட்பாட்டுக் கட்டுரைகளுக்காகவே அது கிடைத்தது. அந்தக் கட்டுரைகள் என்ன சொல்கின்றன, எங்கே அவை வலுவானவை, எங்கே இன்னும் விவாதத்துக்கு உரியவை என்பதே இங்குள்ள கேள்விகளின் பொருள்.

ஸ்டிக்லிட்ஸ் யார்?

1943இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், எஃகு ஆலைகளைச் சுற்றி வளர்ந்த கேரி நகரில் பிறந்தவர். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பயின்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1967இல் முனைவர் பட்டம் பெற்றார். யேல், ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு, பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக்கழகங்களில் கற்பித்தபின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நாற்பது வயதுக்குட்பட்ட பொருளியலாளருக்கு வழங்கப்படும் ஜான் பேட்ஸ் கிளார்க் பதக்கத்தை 1979இல் பெற்றார். அமெரிக்க அதிபர் கிளின்டனின் பொருளாதார ஆலோசகர் குழுவுக்கு 1995 முதல் 1997 வரை தலைவராகவும், பின்னர் உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராகவும் இருந்தார்.

‘நிறைவற்ற தகவல்’ என்பது வெறும் அறியாமைதானா?

இல்லை. இரு தரப்புக்கும் ஒன்று தெரியாமலிருப்பது ஒருவகை. நாளை மழை பெய்யுமா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறு தரப்புக்குத் தெரியாமலிருப்பது வேறொரு வகை. கடன் கேட்பவருக்குத் தன் தொழிலின் ஆபத்து தெரியும், வங்கிக்குத் தெரியாது. காப்பீடு எடுப்பவருக்குத் தன் உடல்நிலை தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது. இந்த இரண்டாம் வகைக்குச் சமச்சீரற்ற தகவல் என்று பெயர்.

முதல் வகையைப் பழைய கோட்பாட்டுக்குள் அடக்கிவிடலாம். நேரக்கூடிய ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு விலை வைத்து, அபாயத்தையும் ஒரு பண்டம்போல விற்க வாங்க முடியும் என்று காட்டினால் போதும். இரண்டாம் வகையில் அது இயலாது. காரணம், அங்கே ஒப்பந்தத்தின் நிபந்தனைகளே அதை ஏற்றுக்கொள்ள முன்வருபவர் யார் என்பதை மாற்றிவிடுகின்றன. விலையை உயர்த்தினால் வேறு ஆட்கள் வருகிறார்கள். அல்லது அதே ஆட்கள் வேறு விதமாக நடந்துகொள்கிறார்கள்.

இதற்கு முன் பொருளியல் தகவலைப் பற்றிப் பேசியதே இல்லையா?

பேசியது. 1945இல் ஃபிரெட்ரிக் ஹாயெக், ஒரு பொருளாதாரத்தின் அறிவு எந்த ஒரு தலையிலும் முழுமையாக இல்லை, சிதறிக் கிடக்கிறது, விலைதான் அதைத் திரட்டித் தருகிறது என்று வாதிட்டார். மையத் திட்டமிடலுக்கு எதிரான மிக வலுவான வாதம் அது. மறுபுறம், கென்னத் ஆரோவும் ஜெரார் டெப்ரூவும் 1954இல் போட்டிச் சந்தைகளுக்குச் சமநிலை (எல்லாச் சந்தையிலும் தேவையும் அளிப்பும் பொருந்தி நிற்கும் நிலை) உண்டு என்பதைக் கணித முறையில் நிறுவினார்கள். பண்டங்களின் தரத்தை எல்லோரும் அறிவார்கள் என்பது அக்கட்டமைப்புக்குள் மறைந்திருந்த எடுகோள். அதே ஆரோ 1963இல் மருத்துவச் சேவையைப் பற்றி எழுதியபோது, நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையிலுள்ள அறிவு இடைவெளி அச்சந்தையை ஏனைய சந்தைகளிலிருந்து வேறுபடுத்துகிறது என்று சுட்டிக்காட்டினார்.

ஆக, பிரச்சினையை முதலில் கண்டவர் ஸ்டிக்லிட்ஸ் அல்லர். தகவல் சற்றே குறைந்தால் முடிவுகளும் சற்றே மாறும், அடிப்படை அப்படியே நிற்கும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் பரவலாக இருந்தது. அந்த நம்பிக்கையைச் சந்தை சந்தையாக எடுத்துப் பரிசோதித்து, அது நிற்காது என்று காட்டியதே அவர் செய்த பணி. தேடுதல் செலவு பற்றி 1971இல் பீட்டர் டயமண்ட் எழுதிய கட்டுரையும் இதே திசையில் ஓர் அதிர்ச்சியைத் தந்திருந்தது. ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குச் சென்று விலை விசாரிக்க மிகச் சிறிய செலவு இருந்தாலே போதும், பல விற்பனையாளர்கள் இருக்கும் சந்தையிலும் விலை முற்றுரிமையாளர் வைக்கும் விலைக்கு ஏறிவிடக்கூடும் என்று அது காட்டியது.

நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரின் பணியும் ஒன்றுதானா?

ஒரே மரத்தின் மூன்று கிளைகள் எனலாம். ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரை, பழைய கார்ச் சந்தையை எடுத்துக்கொண்டது. நல்ல கார் எது, கெட்ட கார் எது என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது எல்லாக் கார்களுக்கும் ஒரே விலைதான் கிடைக்கும். அந்த விலைக்கு நல்ல காரை விற்க எவரும் முன்வரமாட்டார்கள். நல்லவை வெளியேறச் சராசரித் தரம் இறங்கும், தரம் இறங்க விலை இறங்கும், இறுதியில் சந்தையே இல்லாமல் போகலாம். மூன்று ஆய்விதழ்கள் இக்கட்டுரையைத் திருப்பி அனுப்பின என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த செய்தி.

அக்கர்லோஃப் நோயைக் காட்டினார் என்றால், மற்ற இருவரும் மக்கள் அதற்கு எப்படி எதிர்வினை ஆற்றுகிறார்கள் என்பதைக் காட்டினார்கள். தகவல் உள்ள தரப்பு முன்வந்து தன்னை நிரூபித்துக்கொள்வதை மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் ஆராய்ந்தார். ஒருவர் பெறும் பட்டம் அவருடைய திறனைக் கூட்டாவிட்டாலும், திறனற்றவருக்கு அதைப் பெறுவது கடினம் என்பதாலேயே அது ஒரு சமிக்ஞையாகச் செயல்படலாம். தகவல் இல்லாத தரப்பு எதிரில் இருப்பவரை எப்படிச் சலித்துப் பிரிக்கிறது என்பது ஸ்டிக்லிட்ஸின் கேள்வி. காப்பீட்டு நிறுவனம், வங்கி, முதலாளி ஆகியோர் அவருடைய மாதிரிகளில் சல்லடையைக் கையில் வைத்திருப்பவர்கள்.

வட்டியை உயர்த்தினால் கடன் தேவை குறைந்துவிடாதா? பின் ஏன் வங்கிகள் சிலருக்குக் கடனே தர மறுக்கின்றன?

என் பார்வையில், ஸ்டிக்லிட்ஸின் சிந்தனையை ஒரே இடத்தில் பிடிக்க வேண்டுமானால் இந்தக் கேள்வியில்தான் பிடிக்க வேண்டும். ஆண்ட்ரூ வைஸுடன் சேர்ந்து அவர் 1981இல் வெளியிட்ட கட்டுரை இதற்கே விடை தேடியது.

பாடநூல் சொல்வது எளிது. கடன் கேட்பவர்கள் அதிகம், பணம் குறைவு என்றால் வட்டி உயரும். கட்டுப்படியாகாதவர்கள் விலகுவார்கள், தேவையும் அளிப்பும் சமமாகும். ஆனால் உயர்ந்த வட்டியைத் தரத் தயாராக இருப்பவரும் வங்கியில் மறுக்கப்படுகிறார் என்பது நடைமுறையில் எல்லோரும் அறிந்தது. அரசு வட்டிக்கு உச்சவரம்பு விதித்ததனால்தான் இப்படி நேர்கிறது என்று பலர் விளக்கினார்கள். உச்சவரம்பே இல்லாவிட்டாலும் இது நேரும் என்பதே ஸ்டிக்லிட்ஸும் வைஸும் கண்ட முடிவு.

ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொள்வோம். கடன் கேட்பவர்களில் இரு வகையினர் சரிபாதியாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் தேவை 100. முதல் வகையினரின் தொழில் உறுதியானது, 120 நிச்சயம் திரும்பும். இரண்டாம் வகையினரின் தொழில் பத்தில் எட்டு முறை 130 தரும், இரண்டு முறை ஒன்றுமே தராது. தொழில் கவிழ்ந்தால் அவர்களிடமிருந்து பறிக்க வேறு சொத்து இல்லை. யார் எந்த வகை என்று வங்கிக்குத் தெரியாது.

வட்டி 20 விழுக்காடு என்றால் இரு வகையினரும் வருவார்கள். முதல் வகையிடமிருந்து 120, இரண்டாம் வகையிடமிருந்து சராசரியாக 96, மொத்தச் சராசரி 108. வங்கிக்கு 100க்கு 8 மிச்சம். வட்டியை 21 ஆக்கினால் என்ன ஆகும்? உறுதியான தொழில் செய்பவருக்கு 120தான் வருமானம், 121 கட்ட முடியாது, எனவே விலகுவார். எஞ்சியிருப்பவர் இரண்டாம் வகையினர் மட்டுமே. அவர்களிடமிருந்து சராசரியாகத் திரும்புவது 96.8. வட்டியை ஒரே ஒரு விழுக்காடு உயர்த்தியதால் 8 இலாபம் 3.2 நட்டமாகிவிட்டது. வட்டியை 30 வரை கொண்டு சென்றாலும் கிடைப்பது 104தான். ஆக, 20 விழுக்காட்டுக்குமேல் வட்டியை உயர்த்துவது வங்கிக்கே பாதகம். அந்த வட்டியில் நூறு பேர் வரிசையில் நிற்க, அறுபது பேருக்கே பணம் இருந்தாலும், வங்கி வட்டியை உயர்த்தாது. நாற்பது பேரைத் திருப்பி அனுப்பும். கடன் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு எதுவும் இல்லாமலிருக்கலாம்.

இங்கே நடப்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். வட்டி என்ற ஒரே விலையின் மீது இரண்டு வேலைகள் சுமத்தப்பட்டிருக்கின்றன. பணத்தைத் தேவைப்படுவோருக்குப் பிரித்துத் தருவது ஒன்று. யார் வாடிக்கையாளராக வருகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே எண் பொருந்தும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டிய நிலையில், வங்கி முதலாவதைக் கைவிடுகிறது. ஸ்டிக்லிட்ஸின் ஏனைய மாதிரிகள் பலவற்றிலும் இதே முடிச்சு வெவ்வேறு உருவில் திரும்பி வருவதைப் பின்வரும் விடைகளில் காணலாம்.

கடனுக்கு ஈடாகச் சொத்தை அடமானம் கேட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாதா என்பது அடுத்து எழும் கேள்வி. ஓரளவு தீரும். ஆனால் அதிக ஈடு தர முடிந்தவர்கள் செல்வம் மிகுந்தவர்கள், அவர்களில் முன்பு பெரிய ஆபத்துகளில் இறங்கி வென்றவர்களும் இருப்பார்கள், எனவே ஈட்டை உயர்த்துவதும் சில வேளைகளில் ஆபத்தை விரும்புவோரையே ஈர்க்கலாம் என்று அதே கட்டுரை எச்சரிக்கிறது. அதைவிட முக்கியமாக, ஈடு வைக்க எதுவும் இல்லாத நல்ல தொழில்முனைவோருக்கு அது எந்த விடையும் தருவதில்லை.

காப்பீட்டுச் சந்தையில் அவர் கண்டது என்ன?

மைக்கேல் ராத்சைல்டுடன் எழுதிய 1976ஆம் ஆண்டுக் கட்டுரையே இதன் மூலம். 100 மதிப்புள்ள இழப்பு நேரக்கூடிய நிலையில் சமமான எண்ணிக்கையில் இரு வகையினர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒரு வகையினருக்கு இழப்பு நேரும் வாய்ப்பு 10 விழுக்காடு, மற்றவர்களுக்கு 30 விழுக்காடு. எல்லோருக்கும் முழுக் காப்பீட்டை ஒரே பிரிமியத்தில் விற்றால், நட்டமில்லாமலிருக்க அது 20 ஆக இருக்க வேண்டும். குறைந்த ஆபத்துள்ளவர்கள் தாங்கள் ஏற்படுத்தும் செலவைப்போல இருமடங்கு கட்டுகிறார்கள்.

இப்போது ஒரு புதிய நிறுவனம் வந்து, 60 வரை மட்டுமே ஈடுசெய்யும் காப்பீட்டை 9க்குத் தருகிறேன் என்கிறது. குறைந்த ஆபத்துள்ளவர் அதற்கு மாறுவார். இழப்பு நேரும் வாய்ப்பு குறைவு என்பதால் மீதி 40ஐத் தானே தாங்கத் துணிவார். அதிக ஆபத்துள்ளவர் பழைய முழுக் காப்பீட்டிலேயே தங்குவார். புதிய நிறுவனத்துக்கு ஒருவருக்கு ஆகும் செலவு 6, வருவது 9. பழைய நிறுவனத்திடம் எஞ்சியவர்களுக்கான செலவு 30, வருவது 20. எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்த ஒப்பந்தம் சரிகிறது. பிரிமியத்தை அது 30 ஆக உயர்த்தினாலோ, அதிக ஆபத்துள்ளவர்களும் புதிய நிறுவனத்தின் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களைத் தடுக்க அந்த நிறுவனம் தன் ஈட்டளவை 60இலிருந்து இன்னும் கீழே வெட்டியாக வேண்டும்.

இந்த வெட்டு எங்கே நிற்குமோ அங்கேதான் பிரிந்த சமநிலை அமைகிறது. அதிக ஆபத்துள்ளவர்கள் முழுக் காப்பீட்டை அதற்குரிய விலையில் பெறுகிறார்கள். குறைந்த ஆபத்துள்ளவர்கள் மலிவான, ஆனால் அரைகுறையான காப்பீட்டோடு நிற்கிறார்கள். அதிக ஆபத்துள்ளவர்கள் இருப்பதாலேயே மற்றவர்கள் முழுப் பாதுகாப்பை இழக்கிறார்கள், அந்த இழப்பால் எவருக்கும் ஆதாயம் இல்லை. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் என்னை உறுத்துவது இந்தக் கடைசிச் செய்திதான். ஒருவர் இழந்ததை மற்றவர் பெற்றார் என்றுகூடச் சொல்ல முடியாத வீண் அது.

இன்னும் ஒரு முடிவும் அதில் உண்டு. குறைந்த ஆபத்துள்ளவர்கள் பெரும்பான்மையாக இருந்தால், எல்லோருக்குமான பொது ஒப்பந்தமே இருவகையினருக்கும் மேலாகத் தோன்றும், எனவே பிரிந்த சமநிலை உடையும். பொது ஒப்பந்தமோ மேலே பார்த்ததுபோல நிற்காது. ஆக, சமநிலை என்ற ஒன்றே இல்லாமல் போகலாம். ஆரோவும் டெப்ரூவும் சமநிலையின் இருப்பை நிறுவி இருபதாண்டுகளே கடந்திருந்த நேரத்தில் வந்த முடிவு இது. இங்கே எந்த வரையறையைச் சமநிலை என்று கொள்வது என்பது பற்றிய விவாதம் பின்னர் நெடுநாள் நீடித்தது.

‘ஒழுக்க இடர்’ என்பது இதிலிருந்து வேறானதா?

வேறானது. மேலே பார்த்தது பாதகத் தேர்வு: ஒப்பந்தத்துக்கு முன்பே ஒருவரின் வகை மறைந்திருக்கிறது. ஒழுக்க இடரில் ஒப்பந்தத்துக்குப் பின் அவர் என்ன செய்கிறார் என்பது மறைந்திருக்கிறது. காப்பீடு எடுத்தவர் தீ பற்றிய கவனத்தைத் தளர்த்தலாம், கடன் வாங்கியவர் வாங்கியபின் ஆபத்தான முயற்சிக்கு மாறலாம். இந்தச் சொல் ஒருவரின் நெறியைக் குறை கூறுவதுபோல ஒலிப்பது துரதிர்ஷ்டம். கோட்பாட்டில் எவர் மீதும் பழி இல்லை. தன் கவனத்தின் பலன் தனக்கு முழுமையாக வராதபோது கவனம் குறைவது இயல்பு என்பதே செய்தி.

இதை ஸ்டிக்லிட்ஸ் ஆராய்ந்த முதற்களங்களில் ஒன்று, விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரக் குத்தகை. 1960களின் இறுதியில் கென்யாவின் நைரோபியில் ஆய்வாளராகத் தங்கியிருந்த காலம் வேளாண் நாடுகளின் பொருளியலில் அவருடைய ஈடுபாட்டை வளர்த்தது. விளைச்சலில் பாதியை நிலவுரிமையாளருக்குக் கொடுக்கும் உழவர், தன் கூடுதல் உழைப்பின் பலனில் பாதியையே பெறுகிறார், எனவே இம்முறை திறனற்றது என்று ஆல்ஃபிரட் மார்ஷல் காலத்திலிருந்தே சொல்லப்பட்டுவந்தது. அப்படியானால் அது ஏன் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்தது? நிலையான குத்தகைத் தொகை என்றால் உழைப்புக்கு முழு ஊக்கம் உண்டு, ஆனால் விளைச்சல் பொய்த்த ஆண்டின் சுமை முழுவதும் ஏழை உழவர் தலையில் விழும். நிலையான கூலி என்றால் ஆபத்து நிலவுரிமையாளருக்கு, ஆனால் வயலில் உழவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதை அவரால் கண்காணிக்க இயலாது. வாரம் என்பது இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம் என்று 1974இல் ஸ்டிக்லிட்ஸ் வாதிட்டார். வெளியிலிருந்து பகுத்தறிவற்றதாகத் தோன்றும் ஒரு பழைய ஏற்பாட்டுக்குள் தகவல் பற்றாக்குறைக்கான விடை பொதிந்திருப்பதைக் காட்டிய அருமையான எடுத்துக்காட்டு இது. அந்த விடை நியாயமானது என்று அவர் சொல்லவில்லை. நிலம் இன்னும் சமமாகப் பகிரப்பட்டிருந்தால் ஊக்கச் சிக்கலே பெருமளவு எழாது என்ற கருத்தும் அவருடைய எழுத்துகளில் உண்டு.

வேலையின்மையை இக்கோட்பாடு எப்படி விளக்குகிறது?

குறைந்த கூலிக்கு வேலை செய்ய ஆட்கள் காத்திருக்கும்போது, முதலாளிகள் ஏன் கூலியைக் குறைப்பதில்லை? கார்ல் ஷாப்பிரோவும் ஸ்டிக்லிட்ஸும் 1984இல் தந்த விடை இது. தொழிலாளியை எந்நேரமும் கண்காணிக்க முடியாது. எல்லோருக்கும் வேலை கிடைக்கும் உலகில், சோம்பி இருந்து பிடிபட்டாலும் அடுத்த வாசலில் அதே கூலிக்கு வேலை உண்டு, எனவே பணிநீக்கம் என்ற அச்சுறுத்தலுக்குப் பொருளில்லை. இந்த வேலையை இழந்தால் நட்டம் என்ற நிலையை உண்டாக்க ஒரு நிறுவனம் சற்று உயர்ந்த கூலி தருகிறது. எல்லா நிறுவனங்களும் அதையே செய்தால், எவருடைய கூலியும் மற்றவருடையதைவிட உயர்ந்ததாக இராது. ஆனால் கூலி பொதுவாக உயர்ந்துவிட்டதால் வேலைகள் குறைந்து வேலையின்மை தோன்றும். வேலையில் இருப்பவரைக் கவனமாக வைத்திருப்பது இப்போது அந்த வேலையின்மையே.

வட்டியில் கண்ட அதே முடிச்சுதான் இங்கும். கூலி என்ற ஒரே விலை ஆட்களை வேலைகளுக்கு ஒதுக்கவும் வேண்டும், அவர்களை உழைக்க வைக்கவும் வேண்டும். வேலையில் சேரும்போதே தொழிலாளி ஒரு பிணைத்தொகை கட்டிவிட்டால் இந்தச் சிக்கல் தீருமே என்று விமரிசகர்கள் கேட்டார்கள். தொழிலாளியிடம் அதற்கான பணம் இருப்பதில்லை என்பதும், பிணையைப் பறிக்கவே முதலாளி பொய்க்குற்றம் சாட்டக்கூடும் என்பதும் அதற்கான மறுமொழிகள். உலகில் உள்ள வேலையின்மை முழுவதையும் இந்த ஒரு மாதிரியால் விளக்கிவிட முடியாது. மந்தநிலையில் வேலையின்மை திடீரென ஏறுவதற்கு வேறு காரணங்களையும் சேர்க்க வேண்டும்.

பங்குச் சந்தை விலைகளில் எல்லாத் தகவலும் அடங்கியிருக்கிறது என்கிறார்களே?

அப்படி முழுமையாக அடங்கியிருக்க முடியாது என்பதைச் சான்ஃபோர்டு கிராஸ்மனும் ஸ்டிக்லிட்ஸும் 1980இல் மிக எளிய தர்க்கத்தால் காட்டினார்கள். தகவல் திரட்டச் செலவு உண்டு. விலையைப் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும் என்றால், செலவு செய்து தகவல் திரட்ட எவருக்கும் காரணமில்லை. எவருமே திரட்டாவிட்டால் விலையில் தகவல் இராது. தகவல் இல்லாத விலையில் வணிகம் செய்வோரிடமிருந்து ஆதாயம் பெற, திரட்டுவது மறுபடியும் இலாபகரமாகும். எனவே விலைகள் எப்போதும் ஓரளவே தகவலைச் சுமக்க முடியும். தகவல் திரட்டுவோரின் செலவுக்கு ஈடாகும் அளவுக்கு அந்தக் குறை நீடித்தே ஆக வேண்டும். ஹாயெக் கண்ட உண்மையை இது மறுக்கவில்லை, அதன் எல்லையை வரைகிறது.

1986ஆம் ஆண்டுத் தேற்றம் எதைக் குறிக்கிறது?

புரூஸ் கிரீன்வால்டுடன் எழுதிய இந்தக் கட்டுரை மற்றவற்றைவிடக் கடினமானது, பொதுவாசகர்களிடம் அதிகம் பேசப்படாதது. இதுவரை பார்த்தவை தனித்தனிச் சந்தைகள். தகவல் நிறைவற்றதாகவும், எல்லா ஆபத்துகளுக்கும் சந்தை இல்லாமலும் இருக்கும் எந்தப் பொருளாதாரத்திலும், போட்டிச் சந்தையின் விளைவு பொதுவாகச் சிறந்ததாக இருக்காது என்பதே இதன் முடிவு. சிறந்தது என்பதை, தகவலுக்கு ஆகும் செலவையும் கணக்கில் கொண்டே வரையறுத்திருக்கிறார்கள் என்பது இங்கே மிக முக்கியம். எல்லாம் அறிந்த கடவுளோடு சந்தையை ஒப்பிட்டுக் குறை சொல்லவில்லை. சந்தைக்குத் தெரியாதது அரசுக்கும் தெரியாது என்று ஏற்றுக்கொண்டே, அரசால் எல்லோருக்கும் நன்மை தரும் மாற்றத்தைச் செய்ய முடியும் என்று காட்டினார்கள்.

அது எப்படி இயலும்? தீக்காப்பீட்டை எண்ணிப் பாருங்கள். காப்பீடு பெற்றவர்கள் கவனத்தைத் தளர்த்துகிறார்கள், அதனால் எல்லோருடைய பிரிமியமும் உயர்கிறது. தீயணைப்புக் கருவிக்குச் சிறு மானியம் தந்தால் மக்கள் அதை அதிகம் வாங்குவார்கள். மானியத்தால் வரும் திரிபு (விலை செயற்கையாகக் குறைந்ததால் தேவைக்கு மேல் வாங்குவதன் வீண்), மானியம் சிறியதாக இருக்கும்போது மிக மிகச் சிறியது. தீவிபத்துகள் குறைவதால் வரும் நன்மையோ மானியத்தின் அளவுக்கு நேர்விகிதமானது. எனவே தொடக்கத்தில் நன்மை திரிபை எப்போதும் விஞ்சும். யார் கவனமற்றவர் என்று அரசுக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை. தனியொரு காப்பீட்டு நிறுவனம் இதைச் செய்யாததற்குக் காரணம், தன் வாடிக்கையாளர் வேறு இடத்தில் வாங்கும் பொருளின் விலையை அதனால் கட்டுப்படுத்த இயலாது என்பதே. தன்னலம் தேடுவோரையும் பொதுநலத்துக்கு இட்டுச்செல்வதாக ஆடம் ஸ்மித் சொன்ன கண்ணுக்குத் தெரியாத கை தெரியாமலிருப்பதற்குக் காரணம் அது பல இடங்களில் இல்லை என்பதே என்று ஸ்டிக்லிட்ஸ் பின்னர் அடிக்கடி சொல்லிவந்ததன் கணித அடித்தளம் இதுதான்.

அப்படியானால் அரசு தலையிட்டாலே நன்மை என்று பொருளா?

இல்லை. நன்மை தரும் தலையீடு ஒன்று இருக்கிறது என்று தேற்றம் சொல்கிறது. அரசுகள் அதைத் தேர்ந்தெடுக்கும் என்று அது உறுதியளிக்கவில்லை. எந்த வரி, எவ்வளவு என்று கணக்கிட நடத்தை பற்றிய விரிவான அளவீடுகள் வேண்டும். ஆளுவோருக்கும் தன்னலம் உண்டு, அவர்களையும் மக்களால் முழுமையாகக் கண்காணிக்க இயலாது என்பதும் தகவல் பிரச்சினையே. இத்தேற்றத்தின் உண்மையான பயன், விவாதத்தின் தொடக்கப் புள்ளியை மாற்றியது என்று நினைக்கிறேன். சந்தை தானாகவே சிறந்ததைத் தரும், தலையிடுபவரே காரணம் காட்ட வேண்டும் என்ற நிலை போய், ஒவ்வொரு சந்தையையும் அதன் தகவல் அமைப்பைக் கொண்டு தனியே ஆராய வேண்டும் என்ற நிலை வந்தது.

இவற்றுக்கு நடைமுறைச் சான்றுகள் உண்டா?

உண்டு, ஆனால் ஒருமுகமானவை அல்ல. பழைய சிறு சரக்கு வண்டிகளின் சந்தையை 1982இல் ஆராய்ந்த எரிக் பாண்ட், கைமாறி வாங்கியவற்றுக்கும் மற்றவற்றுக்கும் பழுதுபார்ப்பில் எதிர்பார்த்த வேறுபாட்டைக் காணவில்லை. பிரான்சின் இளம் ஓட்டுநர்களின் கார்க் காப்பீட்டை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட பியர் ஆந்த்ரே ஷியாப்போரியும் பெர்னார் சலானியேயும், அதிகக் காப்பீடு எடுத்தவர்கள் அதிகம் விபத்துக்குள்ளாகிறார்கள் என்ற தொடர்பைக் காணவில்லை. மறுபுறம், 1990களில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுக்குத் தரும் பங்கை நிலையான தொகையாக மாற்றியபோது, தாராளமான திட்டத்திலிருந்து ஆரோக்கியமானவர்கள் வெளியேற, பிரிமியம் ஏற, சில ஆண்டுகளிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. டேவிட் கட்லரும் சாரா ரீபரும் 1998இல் இதை ஆவணப்படுத்தினார்கள்.

இந்த முரண்பாடு கோட்பாட்டைப் பொய்யாக்குவதாக நான் கருதவில்லை. தகவல் இடைவெளி எங்கே பெரிது, எங்கே உத்தரவாதமும் பரிசோதனையும் அனுபவப் பதிவும் அதை ஏற்கெனவே நிரப்பிவிட்டன என்பது சந்தைக்குச் சந்தை மாறுகிறது. ஆனால் மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு குறிப்பிட்ட ஒரு சந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதை அது கற்பிக்கிறது.

கொள்கை விவாதங்களில் அவர் எடுத்த நிலைகளுக்கும் இக்கோட்பாட்டுக்கும் தொடர்பு உண்டா?

1997இல் தாய்லாந்தில் தொடங்கிக் கிழக்காசியா முழுவதும் பரவிய நெருக்கடியில் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. நாணயத்தின் சரிவைத் தடுக்க வட்டியைக் கடுமையாக உயர்த்த வேண்டும் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் அறிவுரை. உயர்ந்த வட்டி முதலீட்டை ஈர்க்கும் என்பது அதன் தர்க்கம். உலக வங்கியில் இருந்த ஸ்டிக்லிட்ஸ் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார். கடன் சுமையேறிய நிறுவனங்கள் மிகுந்த நாட்டில் வட்டியை உயர்த்தினால் நொடிப்புகள் பெருகும், நொடிப்புகள் பெருகினால் கடன் தருவோர் இன்னும் அஞ்சுவர், பணம் உள்ளே வருவதற்குப் பதில் வெளியேறும் என்றார். 1981ஆம் ஆண்டுக் கட்டுரையின் தர்க்கம் ஒரு நாட்டின் அளவில் பேசப்பட்டதாகவே இதைப் படிக்கலாம். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் அப்பதவியிலிருந்து விலகினார். அந்நெருக்கடியில் வட்டியை உயர்த்தியது நாணயங்களைக் காத்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்தொற்றுமை ஏற்படவில்லை.

சிறுகடன் பற்றியும் இதே கோணத்தில் அவர் 1990இல் எழுதினார். பங்களாதேஷின் கிராமீன் வங்கி போன்றவை ஒருவரின் கடனுக்குக் குழுவினர் எல்லோரையும் பொறுப்பாக்கியபோது, வங்கியால் இயலாத கண்காணிப்பை அண்டை அயலாரே செய்தார்கள் என்பது அவருடைய விளக்கம். அதோடு, தன்னுடையதல்லாத ஆபத்தையும் அவர்கள் சுமக்க நேர்கிறது என்ற மறுபக்கத்தையும் அக்கட்டுரை கணக்கில் எடுத்துக்கொண்டது.

இணையமும் தரவுகளும் பெருகிய காலத்தில் இக்கோட்பாடு காலாவதியாகிவிட்டதா?

விலையைத் தேடும் செலவு குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் ஒருவர் இனி எப்படி நடந்துகொள்வார் என்பது எந்தத் தரவுத்தளத்திலும் முழுமையாக இராது. மேலும், இடைவெளி சில இடங்களில் திசைமாறியிருக்கிறது. முன்பு வாடிக்கையாளருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்குத் தெரியாது. இப்போது வாடிக்கையாளர் தன்னைப் பற்றி அறிந்ததைவிட நிறுவனம் அவரைப் பற்றி அதிகம் அறிந்திருக்கக்கூடும். காப்பீட்டில் இது இன்னொரு சங்கடத்தையும் கொண்டுவருகிறது. ஒவ்வொருவரின் ஆபத்தும் முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்துவிட்டால், நோயோடு பிறந்தவருக்கு மலிவான காப்பீடே இராது. அறியாமையால் தோன்றிய சிக்கலை நீக்கினால், அறிவால் தோன்றும் சிக்கல் வருகிறது. சில நாடுகள் மரபணுச் சோதனை முடிவுகளைக் காப்பீட்டில் பயன்படுத்தத் தடை விதித்திருப்பதன் பின்னணி இதுவே. அமெரிக்கா மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை 2008இல் அத்தகைய சட்டம் இயற்றியது.

இவற்றை எந்த வரிசையில் படிக்கலாம்?

கணிதப் பயிற்சி குறைவாக உள்ளவர்கள் 2001 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் அவர் ஆற்றிய நோபல் உரையிலிருந்து தொடங்கலாம். நீளமானது, சில இடங்களில் தன் பணியின் எல்லையைச் சற்று விரிவாகவே வரைந்துகொள்கிறது, ஆனால் எல்லாக் கட்டுரைகளும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதை வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது. அடுத்து அக்கர்லோஃபின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படிப்பது நல்லது, ஒரே அமர்வில் முடித்துவிடலாம். பின்னர் காப்பீடு பற்றிய 1976, கடன் பற்றிய 1981 ஆகிய கட்டுரைகளைக் கையில் பென்சிலோடு, மேலே தந்ததுபோன்ற சிறு எண்களை இட்டுப் பார்த்தபடி படிக்க வேண்டும். 1986ஆம் ஆண்டுத் தேற்றத்தைக் கடைசிக்கு விட்டுவிடலாம். மற்றவற்றைக் கடந்து வந்தவருக்கு, அதன் குறியீடுகளுக்குப் பின்னே அதே வங்கியும் அதே காப்பீட்டு நிறுவனமும் நிற்பது தெரியும்.